விற்கவும் மாட்டேன், பிரிக்கவும் மாட்டேன்!

லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் போல்ட்டை ஒருமுறையாவது கையால் இயக்கிப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் பாவம், அவர்களுக்காகச் சொல்கிறேன். பிடியின் குமிழை உள்ளங்கையால் மேலே தட்டினால் 60 பாகை சுழன்று விடுபடும். இழுத்தால் சரேலென்று பின்னுக்கு வரும். முன்னுக்குத் தள்ளினால் கடைசி அங்குலத்தில் மட்டும் ஒரு சின்ன முரண்டு. உள்ளே ஸ்பிரிங் இறுகுகிறது. பிடியைக் கீழே இறக்கியதும் ‘க்ளக்’ என்று ஒரு சத்தம். அடடா, அந்தச் சத்தம்! ஜெர்மானியரின் மௌசரில் பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங்கை இறுக்கியாக வேண்டும். அதுவும் 90 பாகை தூக்க வேண்டும். என்ஃபீல்டோ அந்தப் பாரத்தைத் தள்ளுகிற கைக்கு மாற்றிவிட்டது. தோளிலிருந்து இறக்காமலே, குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்த குண்டுக்குத் தயாராகிவிடலாம். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் படையில், 300 கஜ தூரத்து இலக்கில் ஒரே நிமிடத்துக்குள் 15 குண்டு பதிக்கும் பயிற்சி உண்டு. ‘பைத்தியக்கார நிமிடம்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இந்த போல்ட் இல்லாமல் அந்தப் பைத்தியம் சாத்தியமில்லை.

என்னிடம் இருப்பது சுடாது. இங்கிலாந்தில் சட்டப்படி செயலிழக்கச் செய்து சான்றிதழோடு விற்கப்பட்டது. குழலின் அடிப்புறத்தை அறுத்து, உள்ளே உருக்குக் கம்பியை வைத்து வெல்டிங் செய்து, போல்ட்டின் முகத்தைச் சரிவாகச் சீவி விட்டிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் பேச்சில் ‘டீஆக்’. ஆனால் பழைய விதிப்படி செய்த டீஆக் என்பதால் போல்ட் ஓடும், விசை அழுந்தும், மேகசின் கழன்று வரும். சுடுவதைத் தவிர எல்லாம் செய்யும். எனக்கு அது போதும், போதுமோ போதும்!

வாங்கியபோது கோலம் பரிதாபம். யாரோ ஒரு புண்ணியவான் கட்டை முழுக்கப் பளபளா வார்னிஷ் அடித்திருந்தார். முன்பக்கக் கைக்காப்புக் கட்டையில் விரிசல். தோளில் பொருந்தும் பின்கட்டையான ‘பட்’டின் அடியில் எண்ணெய்க் குப்பி வைக்கும் பொந்து காலி. அங்கங்கே துரு. குளிர்காலத்தில் ஒரு நாள் அதை மேசைமேல் கிடத்திவிட்டு, இதை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. வழிகள் மூன்றுதான். புதுப்பித்து வைத்துக்கொள்ளலாம், அப்படியே விற்கலாம், பார்ட் பார்ட்டாகக் கழற்றி விற்கலாம்.

அக்கா மகன் இங்கே, இங்கிலாந்தில்தான் படிக்கிறான். அவன் கணக்குப் போட்டுவிட்டு, “மாமா, முழுசா வித்தா வர்றதைவிட பிரிச்சு வித்தா காசு ஜாஸ்தி. பழைய பைக்குக்குப் பண்ற மாதிரிதான்” என்றான். என் மனைவி, “என்னங்க, சுடவும் சுடாது, தொங்கவிட்டா சுவரும் தாங்காது. போற விலைக்குக் குடுத்துடுங்களேன்” என்றாள். இருவருக்கும் பதில் சொல்வதற்கு முன் நான் எடுத்தது ஸ்க்ரூடிரைவரை அல்ல, பூதக்கண்ணாடியை. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே ஞானம் இதுதான்: துப்பாக்கியைப் படிக்காமல் முடிவெடுக்கக் கூடாது.

படிக்கவா? ஆமாம், என்னிடம் இருக்கும் நம்பர் 4 வகை என்ஃபீல்டைப் போல் தன் வாழ்க்கை வரலாற்றைத் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் பொருள் வேறில்லை. கட்டையும் உலோகமும் சேரும் கழுத்துப் பகுதியின் இடப்புறத்தில் எம்47சி என்ற முத்திரை. போர்க்காலத்தில் ஜெர்மன் உளவுக்குத் தெரியக் கூடாதென்று தொழிற்சாலைப் பெயருக்குப் பதில் சங்கேத எண் குத்தினார்கள். முதலெழுத்து இங்கிலாந்தின் மத்தியப் பகுதியைக் குறிக்கும். எம்47சி என்றால் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் ஷேர்லி தொழிற்சாலை. அதன் பக்கத்தில் 1943. நான் குடியிருப்பது பர்மிங்காமில். ஷேர்லி எங்கள் ஊருக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதி. உலகம் சுற்றி வந்திருக்கக்கூடிய துப்பாக்கி, பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து என் மேசையில் படுத்திருக்கிறது!

பி.எஸ்.ஏ. என்றதும் தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் சைக்கிள்தான் ஞாபகம் வரும். அதே பி.எஸ்.ஏ.தான்! பர்மிங்காமின் துப்பாக்கிக் கைவினைஞர்கள் சேர்ந்து 1861-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் வணிக முத்திரையே மூன்று துப்பாக்கிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய படம். துப்பாக்கி ஆர்டர் குறைந்த காலங்களில் சைக்கிளுக்கும் பிறகு மோட்டார் சைக்கிளுக்கும் போனார்கள். சைக்கிள் பெயர் கைமாறி, சென்னை அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் வரைக்கும் வந்து சேர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போன சைக்கிளும் இந்தத் துப்பாக்கியும் ஒரே பெயர் கொண்ட தாயாதிகள் என்று தெரிந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த 1943-க்குப் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. 1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் விமானங்கள் பர்மிங்காமின் ஸ்மால் ஹீத்தில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலைமீது குண்டு வீசின. 53 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்த இரவு காட்டிவிட்டது. உற்பத்தியைப் பல இடங்களுக்குப் பிரித்து ஓட்டிய காலத்துப் பிள்ளை என்னுடையது.

கண்ணாடியை இடப்புறம் கொஞ்சம் மேலே நகர்த்தினால் இன்னொரு எழுத்து. குத்தியது அல்ல, அதிரும் மின்பேனாவால் கையால் எழுதியது. ‘நம்பர் 4 மார்க் 1/2’, அடைப்புக்குள் ஓர் எஃப், கடைசியில் எஃப்.டி.ஆர். நடுங்கிய கையெழுத்து, நான்கு என்ற எண்ணின் வால் சற்றே வழுக்கி ஓடியிருக்கிறது. இதன் பொருள்: போர் முடிந்தபின் லிவர்பூல் பக்கத்து ஃபசாக்கர்லி ஆலைக்கு இது திரும்பப் போய், திருகாணி வரைக்கும் பிரிக்கப்பட்டு, முழுப் பழுதுபார்ப்பு கண்டிருக்கிறது. மார்க் 1-இல் விசை அதன் காப்பு வளையத்தில் பொருத்தப்பட்டிருந்தது. மரக்கட்டை ஈரத்தில் உப்பினாலும் வெயிலில் சுருங்கினாலும் விசையின் இழுப்பு மாறிவிடும். மார்க் 2-இல் விசையை உலோக உடலோடு நேரே தொங்கவிட்டு அந்தத் தலைவலியைத் தீர்த்தார்கள். பழைய மார்க் 1-ஐ அந்த முறைக்கு மாற்றியதன் அடையாளம்தான் அந்த ‘1/2’. யாரோ ஒரு தொழிலாளி, சாப்பாட்டு மணிக்கு முன் முடித்துவிடும் அவசரத்திலோ என்னவோ, எழுதிய எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்துப் பார்த்து அலுக்கவே இல்லை.

இன்னும் இருக்கிறது. பட்டின் மேல்புறத்தில் ஓர் எஸ். கட்டை நான்கு நீளங்களில் வந்தது; எல் நீளம், என் சராசரி, எஸ் குட்டை, பி என்றால் பாண்டம், குள்ளமான வீரர்களுக்கு. படைவீரனின் கை நீளத்துக்கு ஏற்பத் துப்பாக்கியைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்! எஸ் எனக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. ஐந்தரை அடி உயரத்தின் பலனை இப்போதுதான் அனுபவிக்கிறேன். போல்ட் தலையில் ஓர் எண். 0 முதல் 3 வரை நான்கு அளவுத் தலைகள் உண்டு; தேய்மானத்துக்கு ஏற்ப ஆயுதப் பழுதுபார்ப்பவர் அதை மட்டும் மாற்றி இடைவெளியைச் சரிசெய்துவிடுவார். போல்ட் பிடியின் பின்புறத்தில் சீரியல் எண். அதையும் கழுத்திலுள்ள எண்ணையும் ஒப்பிட்டேன். ஒன்றேதான்! போல்ட்டும் உடலும் பிரியாமல் இருக்கின்றன. கடைசியாக, முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புக்குறிகள். ஒற்றை அம்பு அரசுச் சொத்து என்பதற்கு. எதிரெதிர் அம்பு, சேவையிலிருந்து விற்று வெளியே அனுப்பினோம் என்பதற்கு. அதன்பின் பர்மிங்காம் புரூஃப் ஹவுஸின் முத்திரை. 1813 முதல் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனம் அது; பிறந்த ஊரிலேயே ஓய்வுச் சான்றிதழும் வாங்கியிருக்கிறது என் துப்பாக்கி.

இப்படி எல்லாம் ஒன்றாக நிற்கும்போது அதைப் பிரிப்பதா? என் முடிவில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதியைச் சட்டம் முடித்துவைத்தது.

விற்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு குழியில் விழுகிறார்கள். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத் திருத்தம், அங்கீகரித்த முறையில் செயலிழக்கச் செய்து புரூஃப் ஹவுஸ் முத்திரையும் சான்றும் பெற்றதைத் துப்பாக்கியாகக் கணக்கில் எடுப்பதில்லை என்றது. 1995-இல் விதிகள் இறுகின. 2016 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி வந்தது. அது இன்னும் கடுமை. 2017-இல் அடுத்த அடி: அன்றைய விதிக்குப் பொருந்தாத பழைய டீஆக்குகளை வைத்திருப்பது குற்றமில்லை, ஆனால் விற்பதும் விற்பனைக்கு வைப்பதும் இனாமாகக் கொடுப்பதும் குற்றம். நான் வாங்கியது அந்தச் சட்டத்துக்கு முன்பு. ஆகவே என் வீட்டில் இருப்பதில் தப்பில்லை; நாளைக்கே நண்பனுக்குப் பிறந்தநாள் பரிசாக நீட்டினால் தப்பு!

விற்றே தீர வேண்டுமென்றால், மறுபடி புதிய விதிப்படி செயலிழக்கச் செய்து, மறுபடி சான்று வாங்க வேண்டும். அதற்குக் காசு ஆகும் என்பது சின்ன விஷயம். புதிய முறையில் வெல்டிங் கூடுதல். அசைகிற பாகங்கள் பெரும்பாலும் அசைவை இழந்துவிடும். நான் தொடக்கத்தில் ஒரு பத்தி முழுக்க உருகினேனே, அந்த ‘க்ளக்’, அது போய்விடும். அந்தத் துப்பாக்கியின் உயிரே எனக்கு அந்தச் சத்தம்தான். உயிரை எடுத்துவிட்டுக் கூட்டை விற்க எனக்கு மனம் வருமா? 2019 டிசம்பர் முதல் இப்படிப்பட்டவை கைமாறும்போது உள்துறை அமைச்சகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆக, விற்பவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் சான்றிதழின் தேதியைப் பார்ப்பது. புதிய விதிச் சான்று இருந்தால் விற்பது எளிது. பழையது என்றால், கையிலிருப்பது இனி கிடைக்காத பொருள் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். சந்தேகம் இருந்தால் உள்ளூர்க் காவல்துறையின் துப்பாக்கி உரிமப் பிரிவைக் கேளுங்கள். கேட்பதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஊருக்குக் கொண்டுபோய்விடலாமே என்று மைத்துனர் போனில் கேட்டார். இந்தியாவில் இதன் .303 தடைசெய்யப்பட்ட துளை அளவு. அந்த ஆசையை அங்கேயே மூட்டை கட்டிவிட்டேன்.

அடுத்து பார்ட் பார்ட்டாக விற்பது. அக்கா மகனின் கணக்கில் தப்பே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல முன்கட்டை, கைக்காப்பு, பட், மேகசின், பின் சைட், வார் கோக்கும் வளையங்கள் என்று தனித்தனியாக விலைவைத்தால் கூட்டுத்தொகை முழுத் துப்பாக்கியின் விலையைத் தாண்டிப் போகும். ஏன் இந்தக் கிராக்கி என்று கேட்டால், காரணம் சுவையானது. போருக்குப்பின் இந்த ரைஃபிள்கள் குவியல் குவியலாக, அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டன. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மான் வேட்டைக்காரர்கள் வாங்கி, கனம் குறைய வேண்டுமென்று நீண்ட முன்கட்டையைப் பாதியில் அறுத்துப் போட்டார்கள். இன்றைக்கு அவர்களின் பேரன்மார் தாத்தாவின் துப்பாக்கியைப் பழையபடி ஆக்க அறுபடாத கட்டை தேடி அலைகிறார்கள். ஆகவே உடல் துருவேறி உளுத்து, எண்கள் எதுவும் பொருந்தாமல், நான்கு துப்பாக்கிகளின் பாகங்களைக் கலந்து கட்டிய ஒன்று உங்களிடம் இருந்தால், அதன் நல்ல கட்டை இன்னொன்றை முழுமையாக்கட்டும். அதை நான் தருமம் என்பேன். ஆனால் அதிலும் ஒரு கோடு இருக்கிறது. மரமும் சைட்டும் வளையமும் சாதாரணச் சாமான்கள். குழல், போல்ட், ரிசீவர் எனப்படும் உலோக உடல் என்று வந்துவிட்டால் அவை துப்பாக்கிச் சட்டம் கண்காணிக்கும் பாகங்கள். கழற்றி இணையத்தில் ஏற்றுவதற்கு முன் விசாரித்தே ஆக வேண்டும்.

எண்கள் பொருந்தும் ஒன்றைப் பிரிப்பது மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. இந்த வகையின் மகுடமான நம்பர் 4 டி என்ற குறிபார்த்துச் சுடும் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவற்றை லண்டனின் புகழ்பெற்ற ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் தேர்ந்த துப்பாக்கிகளிலிருந்து மாற்றியமைத்தது. அதனோடு பொருத்திய தொலைநோக்கியின் எண்ணைக் கட்டையின் கழுத்தில் குத்தி வைத்தார்கள், ஜோடி பிரியக் கூடாதென்று. தொலைநோக்கிக்குத் தனியே நல்ல விலை வருகிறது என்று பிரித்து விற்றவர்களால் எத்தனையோ ஜோடிகள் இன்று ஆளுக்கொரு தேசத்தில் கிடக்கின்றன. கட்டையில் எண் இருக்கும். அந்த எண்ணுக்குரிய கண்ணாடி இருக்காது. அப்படி ஒன்றைக் கண்காட்சியில் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்குப் பேச்சே எழவில்லை.

ஆக, புதுப்பிப்பது என்று முடிவாயிற்று. மறுபடி சுட வைப்பது என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கடுங்குற்றம், அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. செயலிழக்கச் செய்த வேலை எதிலும் கைவைக்காமல் மரத்தையும் வெளியுலோகத்தையும் சேவைக்காலத் தோற்றத்துக்குக் கொண்டுவருவதுதான் நான் சொல்லும் புதுப்பித்தல். அதன் முதல் பாடம், எதைச் செய்யக் கூடாது என்பது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது! ஒரு மில்லிமீட்டர் மரம் போனால் எஸ்ஸும் போகும், பழுதுபார்த்தவரின் முத்திரையும் போகும், எண்பது வருடத்துக் கைத்தடமும் போகும். உலோகத்தில் அங்கங்கே உதிர்ந்திருந்த கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கவும் கூடாது. புதியவர்கள் அதை யாரோ வீட்டில் அடித்த பெயின்ட் என்று நினைத்துச் சுரண்டிவிடுவார்கள். அது சன்கோரைட், போருக்குப்பின் ஆலையிலேயே அடித்து, சூடேற்றி இறுக்கிய படைத்துறைப் பூச்சு. சுரண்டினால் எஃப்.டி.ஆர். வரலாற்றையே சுரண்டி எடுத்த மாதிரி.

கழற்றும்போது முன்கட்டை முதலில், பட் பிறகு. இந்த வரிசை வேதவாக்கு. பழைய நம்பர் 1 வகையில் பட்டைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத்தில் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால் கட்டை பிளந்துவிடும். நம்பர் 4-இலும் அந்தப் பழக்கத்தை விடாமல் இருப்பது நல்லது. விசைக்காப்பின் முன்பக்கத் திருகாணியைக் ‘கிங் ஸ்க்ரூ’ என்பார்கள். பேருக்கேற்ற ராஜ மரியாதை அதற்கு வேண்டும். பள்ளத்தில் இம்மி ஆடாமல் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் காத்திருங்கள். தலை நசுங்கிய திருகாணியைப் பார்த்தாலே போதும், முன்னால் வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

வார்னிஷை ரிமூவர் தடவி, மழுங்கிய மரச்சீவலால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். உள்ளேயிருந்து வெளிவந்தது பீச் மரம். தேன் நிறத்தில், எள் தூவிய மாதிரி குட்டிக் குட்டிப் புள்ளிகளோடு. பட்டின் வலப்புறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் அமுங்கல் இருந்தது. ஈரத்துணியை அதன்மேல் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை ஒரு நொடி வைத்து எடுத்தேன். ‘உஸ்’ஸென்று ஆவி. துணியைத் தூக்கிப் பார்த்தால் பள்ளம் பாதியாகியிருக்கிறது! மறுபடி வைத்தேன், நசுங்கிக் கிடந்த மரநார்கள் ஈரத்தைக் குடித்து எழுந்துவந்து சமமாகிவிட்டன. கண்முன்னே மரம் மூச்சு வாங்குகிறது, ஐயா! பக்கத்து அறையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “என் இஸ்திரிப் பெட்டியா அது?” என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. ஆனால் நின்று முழுவதும் பார்த்தாள், அதைக் கவனித்தேன்.

பிறகு ஆளிவிதை எண்ணெய். படையில் பயன்படுத்தியது காய்ச்சாத எண்ணெய். காய மெதுவாகும், ஆனால் உள்ளே இறங்கும். துணி வேண்டாம், உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்க வேண்டும். மரவேலைக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: முதல் வாரம் தினம் ஒருமுறை, முதல் மாதம் வாரம் ஒருமுறை, முதல் வருடம் மாதம் ஒருமுறை, அப்புறம் ஆயுள் முழுக்க வருடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஒரு படி ஆழமாகிக்கொண்டே போகிறது. வாசனையோ வீட்டை நிறைக்கிறது. ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். அது காய்கிறபோது தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

விரிசல் விட்ட கைக்காப்புக்குப் பதில், அதே காலத்துப் பீச் மரக் கைக்காப்பு ஒன்று கிடைத்தது. யாரோ பிரித்து விற்ற ஒரு துப்பாக்கியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். பிரிப்பவர்களைப் பற்றி அதனால்தான் ஓரளவுக்குமேல் வாயைத் திறப்பதில்லை. பின் சைட்டைத் தொடவில்லை. முதலில் வந்த சைட், நுண்திருகால் 200 முதல் 1,300 கஜம் வரை நகர்த்தக்கூடிய அழகுப் பொருள். போர் முற்றியபோது அதைக் கடைந்து செய்ய நேரமில்லை. 300, 600 என்று இரண்டே துளையுள்ள மடக்குத் தகடு போதுமென்று விட்டார்கள். என்னுடையதில் இருப்பது அந்த ஏழைத் தகடுதான். பளபளக்கும் நுண்திருகு சைட்டை வாங்கிப் பொருத்தலாமே என்றார்கள். அந்தத் தகட்டில் ஒரு தேசத்தின் நெருக்கடி தெரிகிறதே, அதை எப்படிக் கழற்றுவேன்?

நெருக்கடிக் காலத்துச் சிக்கனத்துக்கு உச்சம் வேண்டுமானால் பயோனெட்டைப் பாருங்கள். வாளும் இல்லை, கத்தியும் இல்லை. எட்டங்குலத்தில் ஓர் ஆணி. படைவீரர்களே அதைப் பன்றி குத்தி என்று கேலி செய்தார்கள். நான் வாங்கியதில் என்67 என்ற எண். அது யார் தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்கில் இருந்த சிங்கர் நிறுவனம். ஆமாம், நம் அம்மாக்கள் மிதித்த தையல் மெஷின் சிங்கரேதான்! ஒரு பக்கம் பி.எஸ்.ஏ. சைக்கிள், மறுபக்கம் சிங்கர் மெஷின். எங்கள் தெருவே இந்தத் துப்பாக்கியில் குடியிருக்கிறது என்று நான் குதித்ததை அக்கா மகன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான்.

எனக்கு இந்தப் பித்து தொடங்கியதே என்.சி.சி.யில்தான். அங்கே நாங்கள் தூக்கியது இதன் அண்ணன், வங்காளத்தின் இஷாப்பூர் ஆலை செய்த நம்பர் 1 மார்க் 3 வகை. மொட்டை மூக்கு, குழலின் நடுவே சைட். நம்பர் 4-க்குக் குழல்முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சைட் கண்ணுக்குப் பக்கத்தில் பின்னால் இருக்கும். நாங்கள் தூக்கியது நான்கு கிலோ எடை. ‘சலாமி சஸ்த்ர’ என்று கத்திவிட்டு ஹவில்தார் அப்படியே நம்மை மறந்துவிட்டதுபோல் நின்றால் முழங்கை நடுங்கும். ‘கோல்னா, ஜோட்னா’ என்ற கழற்றிப் பூட்டும் வகுப்பில் புல்த்ரூ கயிற்றில் கிழிசல் துணியை மாட்டிக் குழலைத் துடைக்கச் சொல்வார்கள். எல்லாரும் அலுத்துக்கொள்ள, நான் மட்டும் இரண்டாவது தடவை துடைக்க ஆசைப்பட்டேன். நம்மூர்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பாரா நிற்கும் கான்ஸ்டபிளின் தோளில் தொங்கியதும் அதே த்ரீ நாட் த்ரீதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது. கனடாவின் உறைபனி வடக்கில் காவல் புரியும் ரேஞ்சர்கள் நம்பர் 4-ஐ 2018 வாக்கில்தான் மாற்றத் தொடங்கினார்கள். துருவக் கரடி நடமாடும் இடத்தில், கை விறைக்கும் குளிரில், ஒருநாளும் கைவிடாத கருவி என்பதால் அதுவரை விடவில்லை. ஸ்காட்லாந்தில் 1831-இல் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்ற மனிதரின் மூளையில் உதித்த போல்ட், 1888-இல் பிரிட்டிஷ் சேவைக்குள் நுழைந்து, 21-ஆம் நூற்றாண்டு வரை வேலை பார்த்திருக்கிறது. இதைவிட வேறென்ன பெருமை வேண்டும் ஒரு வடிவமைப்புக்கு!

உங்கள் வீட்டுப் பரணிலோ மாமனார் வீட்டு அலமாரியிலோ இப்படி ஒன்று வந்து சேர்ந்தால் என் யோசனை இவ்வளவுதான். முதலில் பூதக்கண்ணாடி, பிறகு சான்றிதழ், கடைசியாகத்தான் ஸ்க்ரூடிரைவர். எண்கள் பொருந்தினால் பிரிக்காதீர்கள். பழைய விதிச் சான்று என்றால் விற்கவும் அவசரப்படாதீர்கள். எண்களும் பொருந்தாமல் உடலும் உளுத்திருந்தால் நல்ல பாகங்கள் நாலு வீட்டுக்கு நல்லது செய்யட்டும். மற்றபடி எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இந்த வகையின் மூலப் பிரதிகளைப் பார்க்க ஆசையிருந்தால் லீட்ஸ் நகருக்குப் போங்கள். என்ஃபீல்டு ஆலையில் மாதிரிகளைக் காத்துவைத்த பழைய சேகரிப்பு இப்போது அங்குள்ள ராயல் ஆர்மரீஸ் வசம் இருக்கிறது.

என் துப்பாக்கியில் இன்னும் ஒரே குறை, பட்டின் பொந்தில் இருக்க வேண்டிய பித்தளை எண்ணெய்க் குப்பி. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்ட விலை தருகிறேன். துப்பாக்கிக்கு விலை கேட்டு மட்டும் யாரும் வர வேண்டாம். வந்தால் காப்பி கொடுத்து, போல்ட்டை நாலு தரம் இழுத்துக் காட்டி, அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்துத்தான் அனுப்புவேன். போகும்போது நீங்களும் ஒன்று தேடிக்கொண்டுதான் போவீர்கள்.